ஒருவரே மூவராய்

விருத்தாசலத்தின் பீங்கான் கூடங்களுள் ஒன்றில் சற்று நேரம் நின்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். பாரிஸ் சாந்தினால் செய்த அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் மெல்லப் படிகிறது. மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, மண் இறுகிய பின் அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு பொம்மை இருக்கிறது. அதே அச்சிலிருந்து அதே முகத்துடன் இன்னொரு பொம்மையும் பிறக்கும். ஓர் உருவைப் பலவாக்கும் இவ்வித்தையை மண்ணுக்கு மாறாக ஒளியைக் கொண்டு செய்தவர் ஹன்னா மேனார்டு அம்மையார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அச்சு, தம்முடைய உருவமேயாகும்.

ஹன்னா 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையிலுள்ள பியூடு என்னும் ஊரில் பிறந்தார். காலணி தைக்கும் தொழிலாளியான ரிச்சர்டு மேனார்டை மணந்து, அவருடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தில் கனடாவின் மேற்குக் கரையில் பொன் கிடைக்கிறது என்னும் செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் ஆற்றுமணலை அரிக்கப் புறப்பட்டனர். ரிச்சர்டும் அவர்களுள் ஒருவர். கணவர் பொன்னைத் தேடிப் போயிருந்த காலத்தில், பிள்ளைகளோடு வீட்டிலிருந்த ஹன்னா ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். பொன்வேட்டையில் செல்வம் சேர்த்தவர் மிகச் சிலரே. மனைவி கற்ற கலையோ அக்குடும்பத்துக்கு ஐம்பது ஆண்டுகள் சோறு போட்டது.

1862ஆம் ஆண்டு மேனார்டு குடும்பம் வான்கூவர் தீவிலுள்ள விக்டோரியா நகரை அடைந்தது. சுரங்கத் தொழிலாளர், கப்பலோட்டிகள், வணிகர் எனப் பல நாட்டு மக்களும் வந்து குவிந்த, இன்னும் ஊராக உருப்பெறாத ஊர் அது. அங்கே ஹன்னா ஒளிப்பட நிலையம் ஒன்றைத் திறந்தார். பெயர்ப்பலகையில் அவர் பெயர் இல்லை, திருமதி ரி. மேனார்டு என்றே எழுதப்பட்டிருந்தது. ஒரு பெண் தம் பெயரில் தொழில் நடத்துவதை ஊரார் எளிதில் ஏற்காத காலம் அது. பின்னர் ரிச்சர்டுக்கும் அவரே இக்கலையைக் கற்பித்தார். கணவர் மலைகளையும் துறைமுகங்களையும் தேடிச் சென்று படமெடுக்க, ஹன்னா நிலையத்தில் இருந்து மனிதரைப் படமெடுத்தார். ஆசிரியர் மனைவி, மாணவர் கணவர் என்னும் இந்த வரிசை, வரலாற்றை எழுதுவோர் நினைவிலிருந்து அடிக்கடி நழுவிவிடுகிறது.

நிலையம் நிலைக்க வேண்டுமானால் மக்கள் மீண்டும் மீண்டும் வரவேண்டும். இதற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. 1880களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும், அவ்வாண்டில் தம்மிடம் படமெடுத்துக்கொண்ட குழந்தைகளின் முகங்களையெல்லாம் வெட்டி எடுத்து, ஒரே அட்டையில் நெருக்கமாக ஒட்டினார். அதை மீண்டும் படமெடுத்துச் சிறிய வாழ்த்து அட்டையாக்கிப் புத்தாண்டு நாளில் தாய்மார்களுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மணிகள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். தன் குழந்தையின் முகம் எங்கே என்று உருப்பெருக்கியைக் கையிலேந்தித் தேடாத தாய் இருந்திருப்பாளா? அடுத்த ஆண்டு அட்டையிலும் அம்முகம் இடம்பெற வேண்டுமெனில் குழந்தையை மீண்டும் நிலையத்துக்கு அழைத்துவர வேண்டும். விளம்பரம் என்ற சொல்லே எழாமல் நடந்த விளம்பரம் இது. முந்தைய ஆண்டுகளின் மணிகளையும் சிறிதாக்கிப் புதிய படத்துக்குள் சேர்த்ததால், பிற்கால அட்டைகளில் முகங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வெளிவந்த ஒளிப்பட இதழ் ஒன்று இவற்றை வெளியிட்டமையால், எல்லைக்கோடியில் இருந்த அச்சிறு நிலையத்தின் பெயர் தொழில்துறையினர் பலரையும் எட்டியது.

விருத்தாசலத்துப் பொம்மைகளை நினைவூட்டும் வேறொரு விளையாட்டையும் அவர் செய்தார். குழந்தைகளின் முகத்திலும் தோளிலும் வெண்மாவு பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, கருந்திரையின்முன் நிறுத்திப் படமெடுப்பார். பின்னர்க் கண்ணாடித் தகட்டில் வேண்டாத உடற்பகுதியைச் சுரண்டி நீக்குவார். படத்தில் பீடத்தின்மேல் வைத்த சலவைக்கல் சிலையொன்று புன்னகை செய்யும். உயிருள்ள சிலைகள் என்பது அவற்றின் பெயர்.

1883ஆம் ஆண்டு அவருடைய மகள் லில்லி பதினாறாம் வயதில் குடற்காய்ச்சலால் இறந்தாள். அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு மகளும், பின்னர் மருமகளும் மறைந்தனர். ஊரிலுள்ள குழந்தைகளின் முகங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்த கைகள், சொந்த வீட்டில் ஒவ்வொருவராக இழந்துகொண்டிருந்தன. ஹன்னாவின் மிகக் குறும்பான படங்கள் இதன்பின்னரே தோன்றின என்பதை நாம் மறத்தலாகாது. அவற்றைத் தொழில்திறனைக் காட்டும் வேடிக்கை என்று மட்டும் கொள்வாரும் உளர். துயரத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வாரும் உளர். இரண்டையும் பிரிக்க வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. கடையைத் திறந்து வைக்கவும் வேண்டியிருந்தது; மனத்துக்கு ஒரு வேலையும் வேண்டியிருந்தது.

1890களில் அவர் எடுத்த தேநீர் விருந்துப் படம் அவற்றுள் தலையாயது. மேசையருகே இரண்டு பெண்கள் இருக்கின்றனர். இருவரும் ஹன்னாவே. மேலே சுவரில் மாட்டிய படச்சட்டத்துக்குள் மூன்றாம் ஹன்னா. அவர் சட்டத்தைவிட்டு வெளியே குனிந்து, கீழேயிருக்கும் ஹன்னாவின் தலையில் கோப்பையைக் கவிழ்க்கிறார். கீழிருப்பவரோ, தமக்கு நேரவிருப்பதை அறியாதவராய் விருந்தோம்பலில் ஆழ்ந்திருக்கிறார். மூவர் உடையிலும் அக்காலப் பெருமாட்டிக்குரிய மிடுக்கு; முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவதும் அதனாலேயே.

கணினி இல்லாத காலத்தில் இஃது எவ்வாறு இயன்றது? ஒளி பட்ட இடத்தில் மட்டுமே கண்ணாடித் தகடு உருவை ஏற்கும். மறைத்த பகுதி புதிதாகவே இருக்கும். ஆகவே வில்லையின்முன் தடுப்பு வைத்துத் தகட்டின் ஒரு பகுதியை மட்டும் திறந்து, அங்கே அமர்ந்து படமெடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் அப்பகுதியை மூடி, அடுத்ததைத் திறந்து, வேறிடத்தில் வேறு பாவனையில் அமர வேண்டும். இடையே ஒளிப்படக் கருவி ஒரு நூலளவு அசைந்தாலும் மேசை இரண்டாகப் பிளந்து தெரியும். ஒளி சற்று மாறினாலும் இணைப்புக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். எதிரே யாரும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து, அங்கே தாமே அமர்ந்திருப்பதுபோல் நடிக்கவும் வேண்டும். படமெடுப்பவர், நடிப்பவர், காட்சியை அமைப்பவர் எனப் பல பணிகள் ஒருவர்மேல் விழுந்தன. 1940ஆம் ஆண்டு வெளிவந்த உத்தமபுத்திரன் படத்தில் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் கண்டு தமிழ்நாட்டவர் மகிழ்ந்தனர். ஒருவரை இருவராகக் காட்டிய திரைப்படங்கள் பலவும் பயன்படுத்திய மறைப்பு முறைக்கு அடிப்படை இதுவே.

பேரனையும் சில படங்களில் தம் விளையாட்டுக்குத் துணை சேர்த்துக்கொண்டார். ஒரே சிறுவன் பல இடங்களில் நிற்க, பாட்டியும் பலராய் அவனைச் சூழ்ந்திருப்பார். பிள்ளைகளை இழந்த வீட்டை இவ்வாறு ஆட்களால் நிரப்பினாரோ என்று எண்ணாமல் அவற்றைப் பார்ப்பது அரிது.

இத்தகைய கற்பனையாளரை விக்டோரியா நகரக் காவல்துறை 1897 முதல் சில ஆண்டுகள் தம் ஒளிப்படக் கலைஞராக அமர்த்திக்கொண்டது. கைதிகளை நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் படமெடுக்க வேண்டும். ஹன்னா கைதியின் தோளருகே ஒரு கண்ணாடியை வைத்து, ஒரே படத்தில் இரு முகத்தோற்றங்களையும் பதிவு செய்தார். தம்மை மூவராக்கியவருக்கு ஒரு திருடனை இருவராக்குவது பெரிதன்று.

ரிச்சர்டு 1907இல் காலமானார். ஹன்னா 1912இல் தம் எழுபத்தெட்டாம் வயதில் நிலையத்தை மூடினார். அந்நகரில் தம் கருவியின்முன் ஒருமுறையேனும் வந்து அமராதவர் எவருமிலர் என்று அப்போது பெருமிதத்துடன் கூறினாராம். 1918ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய கண்ணாடித் தகடுகளும் படங்களும் பிரிட்டிஷ் கொலம்பியா ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. அவரைப் பற்றிய தனிநூல் வெளிவர அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பெயர்ப்பலகையில் கணவரின் முதலெழுத்தால் அறியப்பட்டவரை, இன்று நூல்கள் ஹன்னா மேனார்டு என்றே குறிக்கின்றன.