மகளுக்கு நாமம், பொம்மைக்கு 10 ஆயிரம் டாலர்!

உதடு அசையாமல் பேசி, பொம்மையே பேசுவது போல் காட்டும் வித்தையில் கொடிகட்டிப் பறந்தவர் அமெரிக்காவின் எட்கர் பெர்கன்.

1903-ம் ஆண்டு சிகாகோவில் பிறந்தவர். படிக்கிற வயதிலேயே ஒரு தச்சரைப் பிடித்து, பேப்பர் விற்கும் பையன் ஜாடையில் மரத்தலை செய்து வாங்கினார். அவன்தான் சார்லி மெக்கார்த்தி!

1937-ல் இருவருக்கும் ரேடியோ நிகழ்ச்சி கிடைத்தது. உதடே தெரியாத ரேடியோவில் இந்த வித்தை எடுபடுமா? சக்கைப்போடு போட்டது! மேடையில் பெர்கனின் உதடு அசைந்துவிடும். அதையும் சார்லியே கிண்டல் அடிப்பான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மரத்தால் செய்த ஆஸ்கார் விருதும் தேடி வந்தது.

வீட்டில் சார்லிக்குத் தனி அறை. 1946-ல் மகள் கேண்டிஸ் பிறந்தபோது, சார்லியின் தங்கை என்றே ஊர் சொன்னது. அவரும் பின்னாளில் பிரபல நடிகை ஆனார்.

1978 செப்டம்பரில் ஓய்வு பெறப்போவதாக பெர்கன் அறிவித்தார். அதே மாதம் 30-ந்தேதி, லாஸ் வேகாஸ் நகரில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

உயிலைப் பிரித்தால் அதிர்ச்சி! சார்லி பெயரில் 10 ஆயிரம் டாலர். மகளுக்கு ஒன்றுமே இல்லை. அந்த வேதனையை கேண்டிஸ் 2015-ல் வெளியிட்ட புத்தகத்தில் கொட்டியிருக்கிறார்.

சார்லி வாஷிங்டன் மியூசியத்துக்குப் போனான். குரல் கொடுக்கத்தான் ஆள் இல்லை.