ஐன்ஸ்டீன் வயிற்றில் செல்லோபேன் தாள்... 6 ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஆபரேஷன்!

ஐன்ஸ்டீன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கலைந்த தலைமுடியும் சார்பியல் கோட்பாடும்தான். அவரது வயிற்றுக்குள் செல்லோபேன் தாள் சுற்றப்பட்டிருந்தது பலருக்குத் தெரியாது.

1879-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தவர். 1905-ல் சுவிட்சர்லாந்து காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இயற்பியலைப் புரட்டிப்போட்டார். 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார்.

அங்கே அடிக்கடி வயிற்று வலி. 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தார். இவரும் 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர்தான். உள்ளே, இதயத்திலிருந்து கீழே வரும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி, பெரிய சாத்துக்குடி அளவுக்கு பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வெடித்தால் உயிர் போய்விடும்.

வீங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்துத் தைக்கும் சிகிச்சை அப்போது கிடையாது. பாரிஸில் சார்லஸ் டுபோஸ்ட் அதைச் செய்துகாட்டியதே 1951-ல்தான். அதனால் நிஸ்ஸன் வீக்கத்தைச் சுற்றி செல்லோபேனைப் போர்த்தினார். உடம்புக்கு அது அந்நியப் பொருள் இல்லையா? அதைச் சுற்றி தழும்புத் திசு கெட்டியாக வளர்ந்து குழாய்ச் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு 6 ஆண்டுகளுக்கு மேல் பலித்தது. இடையில், 1952-ல் தேடி வந்த இஸ்ரேல் அதிபர் பதவியைக்கூட வேண்டாம் என்றார் ஐன்ஸ்டீன். அணு ஆயுதங்களுக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்துப் போட்ட சில நாட்களிலேயே, 1955 ஏப்ரலில், வீக்கம் கசியத் தொடங்கியது.

இப்போது மாற்றுக் குழாய் வைக்க வழி இருந்தது, ரிஸ்க்கும் அதிகம். நியூயார்க்கில் இருந்து வந்த டாக்டர் ஆபரேஷனுக்குத் தயாராக இருந்தார். ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். உயிரைச் செயற்கையாக இழுத்துப்பிடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரி படுக்கையிலும் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவர், ஏப்ரல் 18 அதிகாலை இறந்தார். வயது 76.

சரி, இன்னைக்கு என்ன செய்வார்கள்? 1990-ல் அர்ஜென்டினா டாக்டர் ஹுவான் பரோடி காட்டிய வழியில், தொடை ரத்தக்குழாய் வழியாகவே உள்ளே ஸ்டென்ட் குழாயை வைத்துவிடலாம். ஆனால் பொருத்திய பிறகும் ஓரத்தில் ரத்தம் கசிந்து வீக்கம் மறுபடி வளரக்கூடும். அரிதாக, வைத்த குழாயிலேயே கிருமித் தொற்று வரும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்தும் தொடர்ந்து ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கசிவு தெரிந்தால், பல சமயம் வயிற்றைத் திறக்காமலே, மறுபடி தொடை வழியாகவே அடைத்துவிட முடியும்.