தேசபந்துவின் இல்லம்

நாம் குடியிருக்கும் இந்நகருக்கும், நமக்கு ஊதியம் அளிக்கும் எஞ்சின் தொழிற்சாலைக்கும் சித்தரஞ்சன் என்பது பெயர். சம்பளப் பட்டியலிலும், பயணச் சீட்டிலும், ஊருக்கு எழுதும் கடிதத்திலும் அப்பெயரைக் காண்கிறோம். அதற்குரிய பெருமகனாரின் வரலாற்றை நம் குழந்தைகள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

சித்தரஞ்சன் தாஸ் 1870-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் புவன் மோகன் தாஸ் வழக்குத் தொழில் புரிந்தவர்; கேட்டவர்க்கு இல்லை என்னாத கொடையாளர். மைந்தர் பிரஸிடென்ஸி கல்லூரியில் பயின்று, இங்கிலாந்து சென்றார். அங்கே ஐ.சி.எஸ். தேர்வு கைகூடவில்லை. பாரிஸ்டராகத் தாயகம் திரும்பி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார்.

தொடக்கக் காலம் துன்பமாகவே இருந்தது. குடும்பத்தின் கடன் சுமை பெருகி, 1906-இல் தந்தையும் மகனும் இன்சால்வென்ட் ஆக நேர்ந்தது. வழக்கறிஞர் ஒருவருக்கு அதனினும் பெரிய தலைகுனிவு வேறில்லை.

அந்நிலையில்தான் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு வந்தது. 1908-இல் கைதான அரவிந்தருக்காக, வருவாய் தரும் பிற வழக்குகளை ஒதுக்கிவிட்டு அவர் வாதாடினார். 1909-ஆம் ஆண்டு மே மாதம் அரவிந்தர் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டே நம் தமிழ் நிலத்துப் புதுச்சேரிக்கு வந்து தங்கிய அரவிந்தர் இவரே. அவ்வழக்கின் பின் சித்தரஞ்சனரின் புகழும் பொருளும் வளர்ந்தன.

பொருள் வந்தவுடன் அவர் செய்தது யாது? 1913-இல் பழைய கடன்காரர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தார். சட்டப்படி அவர் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. சட்டத்தை நன்கு அறிந்தவரே, சட்டம் விடுவித்த பின்னும் மனச்சான்றின் பற்றைத் தீர்த்தார்.

பவானிப்பூரில் ரஸ்ஸா சாலையில் அவருடைய மாளிகை இருந்தது. கட்சிக்காரர்கள் ஏறியிறங்கிய அவ்வீட்டின் வாசலில், பின்னர் காங்கிரஸ் தொண்டர்கள் நிறைந்தனர். 1920-இல் நாகபுரி காங்கிரஸுக்குப் பின், பெருஞ்செல்வம் ஈட்டித் தந்த தொழிலை அறவே துறந்தார். மக்கள் அவரைத் தேசபந்து என்று போற்றினர். 1921 டிசம்பரில் சிறை புகுந்தார்; துணைவியார் வசந்தி தேவியாரும் கைதானார். 1923-இல் மோதிலால் நேருவுடன் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். 1924-இல் கல்கத்தா மாநகராட்சியின் முதல் மேயரானார்.

இறுதியில் எஞ்சியிருந்தது அம்மாளிகை ஒன்றே. அதனையும் பெண்களின் நலனுக்கென நாட்டுக்கு வழங்கிவிட்டார். 1925 ஜூன் 16-ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் காலமானார். இரயிலில் கல்கத்தா வந்து சேர்ந்த அவரது உடலின் இறுதி ஊர்வலத்தில் காந்தியடிகளும் நடந்து சென்றார். காந்தியடிகள் நிதி திரட்ட, டாக்டர் பிதான் சந்திர ராய் முதலியோர் முயன்று, 1926-இல் அவ்வில்லத்தில் சித்தரஞ்சன் சேவா சதன் என்னும் மகளிர் மருத்துவமனையைத் தொடங்கினர். வழக்குக் கட்டுகள் இருந்த வீட்டில் தொட்டில்கள் வந்தன. அச்சேவா சதனை ஒட்டி எழுந்த புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் மேடம் கியூரியின் புதல்வி ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார்.

அதே ஆண்டில்தான் நம் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கியது. நவம்பர் 1-ஆம் நாள் இராஜேந்திர பிரசாத் நாட்டுக்கு அர்ப்பணித்த முதல் நீராவி எஞ்சினுக்குத் தேசபந்து என்றே பெயரிட்டனர். இன்று இங்கே மின்சார எஞ்சின்கள் உருவாகின்றன, பெயர் மாறவில்லை.

இக்குடியிருப்பில் வாழும் நாம், ஓய்வு பெறும் காலத்தில் குவார்ட்டர்ஸின் சாவியை விதிப்படி ஒப்படைத்துச் செல்பவர்கள். எவ்விதியும் கேளாமலே தம் சொந்த வீட்டின் சாவியைக் கொடுத்தவர் பெயரால் வழங்கும் ஊரில் நாம் வாழ்ந்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் செல்வோமாக.