வாஞ்சியின் பிரவுனிங் பிஸ்டல்: சாரல் சீசனில் துரு பிடித்திருந்தால்?

செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன் புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவர். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடக் கற்றார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டலால்.

ஒரு தோட்டா வெடித்ததும் காலிக் கூட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றுவது அதன் ஸ்லைடும் ஸ்பிரிங்கும்தான். ஜூன் என்றால் குற்றால சீசன். பக்கத்திலிருக்கும் செங்கோட்டையிலும் சாரல்தான். அந்த ஈரம் இரும்பைச் சும்மா விடுமா? மருந்துக் கரியைத் துடைத்து லேசாக எண்ணெய் போடாவிட்டால் துரு அரிக்கும், ஸ்லைடு சிக்கும், ஸ்பிரிங்கே ஒடியலாம். எண்ணெயை ஊற்றினாலும் வம்பு, தூசி அப்பிக்கொள்ளும்.

வாஞ்சிக்கு ஒரு தோட்டா போதாது. ஆஷைச் சுட்டதும் பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடி, அதே பிஸ்டலால் தன்னையும் சுட்டுக்கொண்டார். அது சிக்கியிருந்தால் போலீஸிடம் உயிரோடு மாட்டியிருப்பார்.