பாபேஜும் முடியாத பொறியும்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறியின் தந்தை யார் என்று கேட்டால் சார்லஸ் பாபேஜ் என்று பள்ளிச் சிறுவனும் விடை சொல்லிவிடுவான். பொது அறிவுத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு உரிய வினா அது. ஆனால் அந்தத் தந்தை தம் வாழ்நாளில் தாம் திட்டமிட்ட பெரிய பொறிகளில் ஒன்றைக்கூட முழுமையாகக் கண்ணால் கண்டதில்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மென்பொருள் பொறியியல் பாடத்தில் அஜைல் முறையையும், எடுத்த வேலைக்கு எல்லை வகுப்பதையும் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் இம்மேதைதான். எனவே அவர் வரலாற்றை அந்தக் கண்ணோட்டத்தில் எழுத விழைந்தேன்.

பாபேஜ் 1791-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ் வங்கித் தொழில் செய்தவர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. 1810-இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தவர், அங்கே கற்பிக்கப்பட்ட கணிதம் பழமைப்பட்டுக் கிடப்பதைக் கண்டு, ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் முதலிய நண்பர்களோடு 1812-இல் ஒரு கணிதக் கழகமே தொடங்கினார். 1814-இல் பட்டமும் பெற்றார், ஜார்ஜியானாவைத் திருமணமும் செய்துகொண்டார். 1816-இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானபோது அவருக்கு வயது 24.

அக்காலத்தில் கையடக்கக் கணக்கி ஏது? கப்பலோட்டிகளும் வானியலாரும் காப்பீட்டு நிறுவனத்தாரும் அச்சிட்ட அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றைக் கையால் கணக்கிட்டுக் கொடுத்த மனிதர்களுக்குத்தான் அன்று கம்ப்யூட்டர் என்று பெயர்! கணக்கிடும்போது ஒரு பிழை, படியெடுக்கும்போது ஒரு பிழை, அச்சுக் கோக்கும்போது இன்னொரு பிழை. 1821-இல் ஹெர்ஷலும் பாபேஜும் வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது பிழைமேல் பிழை தென்பட்டது. இந்த வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போது வேர்விட்டது.

அவர் கண்ட வழி மிக எளியது. 1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களை எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 3, 5, 7, 9. இந்த வேறுபாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடோ எப்போதும் 2. ஆகவே 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. 25-உடன் 11-ஐக் கூட்டினால் 36. பெருக்கல் இல்லாமலே 6-இன் வர்க்கம் கிடைத்துவிட்டது! கூட்டல் மட்டும் போதும் என்றால் பல்சக்கரங்களே அதைச் செய்துவிடும் அல்லவா? இதுவே வேறுபாட்டுப் பொறியின் தத்துவம். 1822-இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து வானியல் கழகத்துக்கு அறிவித்தார். 1824-இல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது.

1823-இல் பிரிட்டிஷ் அரசு முதல் தவணையாக 1,500 பவுன் கொடுத்தது. ஓரிரண்டு ஆண்டுகளில் முடியும் வேலை என்றுதான் நினைத்தார்கள். நான் மிகவும் கவனித்த செய்தி ஒன்று உண்டு. நிதியமைச்சரும் பாபேஜும் பேசி முடித்தபோது, எவ்வளவு பணம், எவ்வளவு நாள், எத்தகைய பொறி என்று எழுத்தில் எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. பின்னாளில் இரு தரப்பும் இரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தது வெளிப்பட்டது. என் தந்தை கொத்தனார். எத்தனை சதுரம், எத்தனை சன்னல், மேல்பூச்சு உண்டா இல்லையா என்று பேசி முன்பணம் வாங்காமல் அவர் கடைக்கால் தோண்டமாட்டார். பேச்சில் இல்லாத வேலைக்குத் தனிக்கூலி. எழுதப் படிக்கத் தெரியாதவர் கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கு ஒரு பேரரசின் கருவூலத்தில் இல்லாமற் போனது வியப்பே!

ஜோசப் கிளெமென்ட் என்ற தேர்ந்த பொறிவினைஞர் வேலையை ஏற்றார். பாகங்களைச் செய்வதற்கு வேண்டிய கருவிகளையே முதலில் செய்ய வேண்டியிருந்தது. பாபேஜ் வரைபடங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். இதற்கிடையே 1827-ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. தந்தை, மனைவி, இரு குழந்தைகள் என நால்வரை ஒரே ஆண்டில் பறிகொடுத்தார். துயரம் தாளாமல் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவரப் போய்விட்டார். அவர் வெளியூரில் இருந்தபோதே கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த பேராசிரியப் பதவி 1828-இல் தேடி வந்தது.

1832-இல் பொறியின் ஏழில் ஒரு பங்கு, சுமார் 2,000 பாகங்களுடன், கோத்து முடிக்கப்பட்டது. அது பிழையின்றி ஓடியது! அதை அவர் தம் வீட்டு வரவேற்பறையில் வைத்து விருந்தினருக்கு இயக்கிக் காட்டினார். 1833-இல் அதைக் கண்டு வியந்தவர்களுள் கவிஞர் பைரனின் மகளான அடாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 17. நல்லதுதான். ஆனால் அந்தச் சிறு பொறியை அட்டவணை போடும் ஓர் அலுவலகத்தில் வைத்து, சிறிய அட்டவணை ஒன்றையாவது அதனிடம் வாங்கியிருக்கலாமே என்று என் மனம் ஆதங்கப்படுகிறது. விருந்தினர் வியப்பார்கள்; பயன்படுத்துபவர்தாம் குறை சொல்வார்கள்.

1833-இல் பட்டறையை இடம் மாற்றுவது பற்றிக் கிளெமென்டுடன் பிணக்கு ஏற்பட்டு வேலை நின்றது. அடுத்த ஆண்டே பாபேஜின் மனத்தில் இன்னொரு பொறி உதித்தது. எண்களைச் சேமிக்க ஒரு பகுதி, கணக்குச் செய்ய ஒரு பகுதி, கட்டளையிட ஜக்கார்டு தறியில் உள்ளது போன்ற துளையட்டைகள். இன்றைய கணிப்பொறியின் அமைப்பு முழுவதும் அந்தப் பகுப்பாய்வுப் பொறியில் இருந்தது. இதனால்தான் அவரைத் தந்தை என்கிறோம். ஆனால் பழைய பொறிக்குப் பணம் கொடுத்த அரசிடம் புதிய பொறியின் பெருமையைப் பேசினால் என்னவாகும்? 1842-இல் பிரதமர் பீலின் அரசு, ஏரி என்ற அரசு வானியலாரின் கருத்தைக் கேட்டு, திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் செலவு 17,000 பவுனைத் தாண்டியிருந்தது. 1831-இல் ஒரு நீராவி ரயில் எஞ்சின் 800 பவுனுக்கும் குறைவாகக் கிடைத்த காலம் அது.

ஸ்டாக்ஹோமில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கேயார்க் ஷாய்ட்ஸ் என்ற அச்சகத்தார் 1834-இல் ஓர் ஆங்கில இதழில் பாபேஜின் பொறியைப் பற்றிப் படித்தார். அவர் மகன் எட்வர்டு 1837-இல் மாதிரி செய்யத் தொடங்கினார். 1840-இல் ஒரே ஒரு வேறுபாட்டை, 5 இலக்கத்தில், கணக்கிடும் பொறி ஆயத்தம். 1842-இல் அதையே மூன்று வேறுபாடுகளுக்கு நீட்டினர். 1843-இல் அச்சிடும் பகுதியைச் சேர்த்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் ஓடக்கூடிய பொறி ஒன்று கையில் இருந்தது. 1853-இல் முழுப்பொறி முடிந்தது. 1855-இல் பாரிசுக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1857-இல் அமெரிக்காவின் ஆல்பனி வானாய்வகம் அதை விலைக்கு வாங்கியது. பாபேஜ் பொறாமைப்படவில்லை, அவர்களைப் பாராட்டித் துணைநின்றார் என்பது அவருடைய பெருந்தன்மை. தந்தையும் மகனும் இதனால் செல்வம் சேர்க்கவில்லை. அவர்கள் பொறியிலும் குறைகள் இருந்தன. ஆயினும் லண்டன் அரசு அலுவலகத்துக்குச் செய்யப்பட்ட அதன் இரண்டாம் படி, 1864-இல் வெளிவந்த ஆயுள் அட்டவணையில் ஒரு பகுதியைக் கணக்கிட்டுத் தந்தது.

2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருளாளர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, இந்தத் தந்தையும் மகனும் செய்ததைத்தான் வேறு சொற்களில் கூறுகிறது எனலாம். சிறுசிறு சுற்றுகளாக வேலை செய். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் ஒன்றைப் பயனரிடம் கொடு. அவர் சொல்வதைக் கேட்டு அடுத்ததை முடிவுசெய். இங்கே ஒரு நண்பர் கேட்டார்: மாற்றத்தை வரவேற்பதுதானே அஜைல், பாபேஜும் மாற்றிக்கொண்டேதானே இருந்தார்? நல்ல கேள்வி. கொடுத்துவிட்டு மாற்றுவது வேறு, கொடுக்காமலே மாற்றுவது வேறு. பாபேஜின் மாற்றங்கள் அவருடைய சொந்த அறிவிலிருந்தே எழுந்தன. அட்டவணை வேண்டிக் காத்திருந்த எவரிடமிருந்தும் அவை வரவில்லை. ஒரு திட்டத்தின் எல்லையை வெளியார் மட்டுமே விரிப்பதில்லை. திறமை மிக்கவர் தாமே விரித்துவிடுகிறார். வகுப்பில் செயல்திட்டம் செய்யும்போது நம்மில் கெட்டிக்காரர்களின் குழுவே கடைசியில் வருவதன் காரணமும் இதுவாக இருக்கலாம்!

1847 முதல் 1849 வரை முயன்று, முதல் பொறியைவிட மிகக் குறைந்த பாகங்களுடன் இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை அவர் வரைந்தார். 1852-இல் அரசு அதை ஏற்க மறுத்தது. தெருப்பாடகர்களின் இரைச்சலை எதிர்த்துப் போராடியதில் அவருடைய முதுமையின் ஒரு பகுதி கழிந்தது. 1871 அக்டோபர் 18-இல் லண்டனில் காலமானார்.

அக்காலத் தொழில்நுட்பம் போதாமையால்தான் பொறி முடியவில்லை என்று பலர் எழுதுகின்றனர். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அந்த இரண்டாம் பொறியின் வரைபடங்களை எடுத்து, பாபேஜ் காலத்தில் கூடியிருந்த துல்லியத்துக்கு மேற்படாமல் பாகங்களைச் செய்து கோத்தனர். கணக்கிடும் பகுதியை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டான 1991-இல் முடித்து மக்கள் முன் நிறுத்தினர். கைப்பிடியைச் சுழற்றினார்கள், விடைகள் சரியாக வந்தன. அதைப் பார்த்த பின் அச்சுப் பகுதிக்குப் பணம் கொடுக்க ஒருவர் முன்வந்தார். அது 2002-இல் முடிந்தது.