மட்டையும் புத்தகமும்: எஸ்தெபான் பெய்யானின் வாழ்க்கை

கோலா கங்சாரில் மாலை வேளைகளில் மாணவர்களுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு படிவம் 4 மாணவன் ஒருவன் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டான். அவனுடைய பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; அப்பா லாரி ஓட்டுநர். அமெரிக்கக் கல்லூரியில் பேஸ்பால் விளையாடிக்கொண்டே படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. இந்தச் சிற்றூரில் இருக்கும் தன்னை அங்குள்ள பயிற்றுநர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது முதல் கேள்வி. டியூஷனை நிறுத்திவிட்டு முழு நேரமும் பயிற்சி செய்யலாமா என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்வி என்னைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன் இன்னொரு மாணவனிடம், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவன் மாநில அளவில் சிறப்பாக ஆடினான். ஆனால் எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் அவனைக் கைவிட்டன. மேற்படிப்புக்கான கதவு அத்தோடு அடைபட்டது. அந்தத் தவற்றை நான் இன்னும் மறக்கவில்லை. எனவே இவனுக்கு அறிவுரை சொல்லாமல், ஒருவரின் வாழ்க்கைக் கதையைச் சொன்னேன்.

அவர் பெயர் எஸ்தெபான் பெய்யான். 1849-ஆம் ஆண்டு கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிறந்தார். அப்போது கியூபா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புவது வழக்கம். பெய்யானும் பதின்ம வயதிலேயே கப்பலேறி நியூயார்க் சென்றார். இன்று ஃபோர்டாம் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அவர் போனது படிப்பதற்கு. பேஸ்பால் அங்கே அவருக்காகக் காத்திருந்தது.

அந்தக் கல்லூரி 1859-இலேயே ஓர் அணிக்கு ஒன்பது பேர் என்ற முறையில் இன்னொரு கல்லூரியோடு பேஸ்பால் ஆடியிருந்தது. பெய்யான் அந்த அணியில் இடம்பிடித்தார். மொழியும் பருவநிலையும் புதிது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் கையுறை அணிவதில்லை. விரைந்து வரும் பந்தை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் பந்துக்கு அஞ்சாமல் நிற்பவர் என்று அவர் பெயர் வாங்கினார். அமெரிக்கர்கள் அவரை ஸ்டீவ் என்று அழைக்கத் தொடங்கினர்.

அந்நாளில் கல்லூரிக்கு ஆள் தேடும் பயிற்றுநர்கள் கிடையாது. உபகாரச் சம்பளமும் கிடையாது. ஆனால் கல்லூரிக்கு அருகில் மொரிசானியா யூனியன்ஸ் என்ற வலுவான கழகம் இருந்தது. 1868-இல் பெய்யான் அதற்காக ஆடினார். மறு ஆண்டு டிராய் நகரின் ஹேமேக்கர்ஸ் அணிக்குப் போனார். 1871-இல் அமெரிக்காவின் முதல் தொழில்முறை பேஸ்பால் சங்கம் தொடங்கியபோது அந்த அணியும் அதில் சேர்ந்தது. இப்படித்தான், தொழில்முறைச் சங்கப் போட்டியில் ஆடிய முதல் லத்தீன் அமெரிக்கர் ஆனார் பெய்யான். அப்போது அவருக்கு வயது 21.

1873-இல் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணிக்கு ஆடிய பின் அவர் தாயகம் திரும்பினார். கியூபாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. காளைச் சண்டையை விட்டு இளைஞர்கள் பேஸ்பால் பக்கம் போவதை ஸ்பெயின் ஆட்சியாளர்கள் சந்தேகத்தோடு பார்த்தனர். அந்தச் சூழலிலும் 1874 டிசம்பர் 27-இல் மத்தான்சாஸ் நகரில் நடந்த புகழ்பெற்ற ஆட்டத்தில் ஹவானா அணிக்காக அவர் களமிறங்கினார். ஹவானா 51-9 என்று வென்றது. 1878-இல் கியூபாவின் சங்கப் போட்டி தொடங்கியபோது, ஆட்டக்காரராகவும் அணித்தலைவராகவும் இருந்து ஹவானாவுக்கு முதல் வாகையைப் பெற்றுத் தந்தார். 1932-இல் காலமானார். கற்றதைத் தன் ஊருக்குக் கொண்டுவந்த அவரைக் கியூபா பேஸ்பாலின் முன்னோடிகளில் ஒருவராக இன்றும் மதிக்கிறார்கள்.

கதையைக் கேட்ட மாணவன், பெய்யானுக்கு வசதி இருந்தது, எனக்கு இல்லையே என்றான். நியாயமான பேச்சு. கப்பலேற்றிவிட அவனுக்கு ஆளில்லை. ஆனால் இன்று ஆட்டத்தை மட்டும் முதலில் அனுப்பலாம். மூன்று நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்தோம். அவன் பந்தை அடிப்பது, பிடிப்பது, இரண்டாம் பேஸுக்கு எறிய எடுக்கும் நேரம், 60 கெஜ ஓட்ட நேரம் எல்லாம் அதில் இருந்தன. பணம் கேட்ட இடைத்தரகர் ஒருவரை ஒதுக்கிவிட்டு, கல்லூரி அகப்பக்கங்களில் உள்ள பயிற்றுநர்களின் முகவரிகளுக்கு அவனே மின்னஞ்சல் எழுதினான்.

விதிமுறைகளையும் சேர்ந்து படித்தோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ-வின் முதல் பிரிவில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் குறைந்தது 2.3 சராசரிப் புள்ளியும் தேவை. சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். முழு உபகாரச் சம்பளம் அரிது. 2025 வரை முதல் பிரிவு பேஸ்பால் அணி ஒன்றுக்கு 11.7 முழு உபகாரச் சம்பளங்களே அனுமதி. அதைப் பல ஆட்டக்காரர்கள் பகிர்ந்துகொண்டனர். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே இல்லை. மீதிச் செலவுக்குக் கைகொடுக்கக்கூடியது தேர்வு மதிப்பெண்தான்.

தமிழர்களிலும் இந்த வழியில் சென்றவர் உண்டு. யாழ்ப்பாணத்து உயரம் தாண்டும் வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்தவர். 1958 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

சில வாரங்கள் கழித்து எங்களுக்கு முதல் பதில் வந்தது. காணொளி பிடித்திருக்கிறது என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே பள்ளித் தேர்வு முடிவுகளைக் கேட்டிருந்தார் அந்தப் பயிற்றுநர். மாணவன் கைப்பேசியை என்னிடம் நீட்டிக் காட்டினான். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இப்போது அவன் படிவம் 5. வாரத்தில் மூன்று மாலை திடல், மற்ற மாலைகளில் டியூஷன். இடம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் இந்த முறை கதவு அடைபடாமல் இருக்கிறது. மாணவர்களே, உங்கள் விளையாட்டு எதுவானாலும் பெய்யானை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைத் திடலுக்கு அழைத்துப்போனது ஒரு வகுப்பறை.