பிரிட்டனிடம் கணக்குக் கேட்ட கோவைத் தமிழர்

சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி யார் தெரியுமா? கோவையில் பிறந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார்!

இந்தியாவை ஆண்ட பிரிட்டன், கடைசியில் இந்தியாவுக்கே கடன்பட்டது. அந்தக் கடனைக் கேட்டு லண்டனுக்குப் போனவர் இவர். கடன் மலைபோல் ஏறியதற்கு ஒரு முக்கிய காரணம், ஜப்பான் தொடுத்த போர்.

திவான்

சண்முகம் 1892-ம் ஆண்டு அக்டோபர் 17-ந்தேதி பிறந்தார். சென்னையில் சட்டம் படித்தார். 1933-ல் மத்திய சட்டசபைத் தலைவர் ஆனார். 1934 தேர்தலில் காங்கிரசிடம் தோற்றார். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார்.

ஜப்பான் பாய்ந்தது

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. 1942 பிப்ரவரி 15-ந்தேதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் குண்டு வீசப்பட்டது. பர்மா அரிசி வருவது நின்றது.

ஜப்பானைத் தடுக்க இந்தியா பெரிய படைத்தளம் ஆயிற்று. கோவை அருகே சூலூரிலும் போர்க்காலத்தில் ராணுவ விமானத்தளம் அமைந்தது. சிப்பாய்களுக்குத் துணி, பூட்ஸ், தானியம் எல்லாம் இந்தியாவில் வாங்கினார்கள்.

பணம்? பிரிட்டன் தன் பங்கை உடனே கொடுக்கவில்லை. லண்டன் கணக்கில் எழுதி வைத்தது. மளிகைக் கடையில் பற்று வைப்பது போலத்தான்! இங்கே சரக்குக் கொடுத்தவர்களுக்கு ரூபாய் நோட்டு அடித்துக் கொடுத்தார்கள். நோட்டு பெருகியது. சரக்கு குறைந்தது. விலை ஏறியது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். ஏழைகள் வயிற்றைக் கட்டியதில் சேர்ந்த கடன் அது.

அமெரிக்காவில் மகாநாடு

1944 ஜூலையில் இம்பாலில் தோற்ற ஜப்பானியப் படை பின்வாங்கியது. அதே மாதம் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகளின் பண மகாநாடு நடந்தது. இந்தியப் பிரதிநிதிகளில் சண்முகமும் ஒருவர். போர்க்கடனைத் தீர்க்க வழி செய்யும்படி இந்தியப் பிரதிநிதிகள் கேட்டனர். கடன் கொடுத்த நாடுகளுடன் தானே பேசித் தீர்த்துக்கொள்வதாக பிரிட்டன் சொல்லிவிட்டது.

1945 ஆகஸ்டு 15-ந்தேதி ஜப்பான் சரண் அடைவதாக அறிவித்தது. போர் முடிந்தபோது கடன் சுமார் 130 கோடி பவுன். அதாவது 1,700 கோடி ரூபாய்க்கு மேல்!

லண்டன் பயணம்

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15-ந்தேதி இந்தியா சுதந்திரம் பெற்றது. காங்கிரசிடம் தோற்ற சண்முகம், நேரு மந்திரிசபையில் நிதி மந்திரி ஆனார். 1947 நவம்பர் 26-ந்தேதி முதல் பட்ஜெட்டைக் கொண்டுவந்தார்.

1948-ல் லண்டன் சென்று பேசினார். ஜூலையில் ஒப்பந்தம் ஏற்பட்டது. முழுப் பணமும் ஒரேயடியாகக் கிடைக்கவில்லை. பிரிட்டன் இங்கே விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களின் விலையும், வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனுக்கான தொகையும் கழிக்கப்பட்டன. மீதியைத் தவணையாகப் பெற ஏற்பாடாயிற்று.

அடுத்த மாதமே அவர் பதவி விலகினார். வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியல் பற்றி எழுந்த கண்டனமே காரணம்.

தமிழ் இசை இயக்கத்துக்கும் துணை நின்ற சண்முகம், 1953 மே 5-ந்தேதி காலமானார். தவணையாக வந்த அந்தப் பணம், வெளிநாட்டிலிருந்து தானியமும் எந்திரமும் வாங்க உதவியது. பட்டினி கிடந்து கொடுத்த கடன், பசி தீர்க்கவும் தொழில் வளர்க்கவும் திரும்பி வந்தது!